ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை

மேலே கை வைக்காதீங்க அண்ணாச்சி! அது மானிட்டர், உள்ளே கண்ணாடி. நீங்க இந்த ஓரத்தில் தாராளமாக உட்காரலாம். நடு சீட்டு அதுக்கு. டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஆமாம், அதுக்குத்தான், ஃபுல் டிக்கெட். சந்தேகம் இருந்தால் கண்டக்டரைக் கேளுங்க. அவர் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்.

மதுரை மாட்டுத்தாவணியில் ஏறும்போதே, "பெட்டியத் தூக்கி மேல போடும்மா" என்றார். மேலே போட அது என்ன துணி மூட்டையா? "மேல போட மாட்டேன்" என்றேன். "அப்ப டிக்கியில வை, லக்கேஜ் போடுறேன்" என்றார். "டிக்கியில வச்சா கோவில்பட்டியில எறங்கும்போது எத்தனை துண்டா கொடுப்பீங்க?" என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு கோவில்பட்டி கொடுங்க, எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு" என்று காசை நீட்டினேன். என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் கொடுத்த காசு இது ஒன்றுதான் அண்ணாச்சி. உங்கள் காலடியில் இருக்கிற பெட்டி கம்ப்யூட்டர். அதைக் கொஞ்சம் இடிக்காமல் காலை வையுங்க. அந்தச் சாக்கில் இருப்பது ஸ்டீரிங். இல்லை, காரில் கழற்றியது இல்லை. சொல்கிறேன். கோவில்பட்டி வரைக்கும் நேரம் இருக்கிறதே.

என் பெயர் செண்பகம். கோவில்பட்டியில் செண்பகம் டிரைவிங் ஸ்கூல் என்று கேட்டுப் பாருங்க. இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். நல்லதும் சொல்வார்கள், கெட்டதும் சொல்வார்கள், வாய்க்காரி என்று கட்டாயம் சொல்வார்கள். சொல்லட்டும். வாய் இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டு இருந்திருப்பேன். கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் போனவர் கதையைக் கேட்காதீங்க. அடுத்த ஸ்டாப் வரைக்கும்கூட வராது, அவ்வளவு சின்னக் கதை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் டிரைவரிடம் ஸ்டீரிங் பிடிக்கக் கற்றேன். பழைய கார் ஒன்று விலைக்கு வந்தது. புரோக்கர் நாற்பதாயிரம் சொன்னான். அவன் வீட்டு வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தேன். நாலாம் நாள் அவன் பெண்டாட்டியே வெளியே வந்து, "இருபத்தெட்டுக்குக் கொடுத்துத் தொலைங்க, கோலம் போட எடமில்ல" என்றாள். அப்படி வந்தவள் நான்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்த பாடம். ஓட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. மிக்சி வாங்கினபோது கடையிலேயே தேங்காய் போட்டு அரைத்துப் பார்த்தேன். கடைக்காரன் சட்டையெல்லாம் சட்னி. வாங்கினேன், இன்றைக்கும் ஓடுகிறது.

அந்தச் சாக்கையே பார்க்கிறீங்க. சரி. கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்டுகிறார்கள், கேள்விப்பட்டிருக்கிறீங்களா? சிரிக்காதீங்க. செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிற விளையாட்டு இல்லை இது. மேஜையில் ஸ்டீரிங் மாட்டி, கீழே பெடல் வைத்து, திரையைப் பார்த்து ஓட்ட வேண்டும். நிஜமான ரேஸ் ரோட்டை மேடு பள்ளத்தோடு அளந்து உள்ளே வைத்திருக்கிறார்கள். டயர் தேய்கிறது, பெட்ரோல் குறைகிறது. ஸ்டீரிங் கையை உதறுகிறது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து முப்பது பேர் ஒரே ரோட்டில் ஓட்டுகிறார்கள். நானும் அதில் ஓட்டப் போகிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வயது ஐம்பத்தொன்று. அதனால் என்ன?

எதுக்கு என்றுதானே கேட்கிறீங்க? என் மகள் அதில் இருக்கிறாள்.

சுபா. சுபலட்சுமி. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தாள். என் ஸ்கூலில் சம்பாதித்த காசில்தான் படித்தாள், அதை நான் சொல்லிக்காட்டவில்லை, உங்களுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். புனேயில் வேலை கிடைத்தது. புது வண்டிகளை டெஸ்ட் டிராக்கில் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற வேலை. ஊர் உலகத்தில் வேறு வேலையே இல்லையா என்று கேட்டேன். "நீ மட்டும் என்னம்மா வேலை பாக்குற?" என்றாள். சரி, போ என்றுதான் சொன்னேன். நான் தடுக்கவே இல்லை.

அவள் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, போன சித்திரையில், ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு சாத்தூர் வரைக்கும் போனோம். அவள் ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டில். ஸ்கூல் வண்டியைப் பார்த்திருப்பீங்க. சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் பெடல் இருக்கும். கிளச் ஒன்று, பிரேக் ஒன்று. ஆக்ஸிலேட்டர் கிடையாது. சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஆக்ஸிலேட்டர் எதுக்கு?

பைபாஸில் ஒரு லாரி. அவள் வலது பக்கம் ஏறி முந்தினாள். நல்லாத்தான் முந்தினாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த லாரிக்காரன் இண்டிகேட்டர் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. அமுக்கினேன். பின்னால் வந்த கார் எங்கள் டிக்கியில் இடித்தது. அவள் கை ஸ்டீரிங்கில் மடங்கி, மணிக்கட்டில் விரிசல். சின்ன விரிசல்தான். ஆறு வாரம் கட்டு. புனேயில் சேர்வது ரெண்டு மாசம் தள்ளிப்போனது. அவ்வளவுதான். உயிருக்கு ஒன்றும் இல்லையே! அந்த லாரிக்காரன் மட்டும் திரும்பியிருந்தால்?

திரும்பவில்லை. நேராகத்தான் போனான். அது வேறு விஷயம்.

அன்றைக்கு அவள் ரோட்டோரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினாள். "நான்தானம்மா ஓட்டுறேன்! நான்தான ஓட்டுறேன்!" என்று அதையே சொன்னாள். "உன் பக்கத்துப் பெடலக் கழட்டுற வரைக்கும் உன்கூட வண்டியில ஏற மாட்டேன்" என்றாள். நான் நியாயத்தைச் சொன்னேன். "ஸ்கூல் வண்டியில அந்தப் பெடல் இருந்தாகணும், அது கவர்மெண்ட் ரூல். கழட்டினா என் லைசென்ஸ் போயிடும்" என்றேன். இதில் என்ன தப்பு சொல்லுங்க? ரூலைத்தானே சொன்னேன்? என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அங்கிருந்தே, கூடப் படித்தவள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். கட்டுப் பிரித்ததும் அப்படியே புனே.

பத்து மாசம். போன் எடுக்க மாட்டாள். மாசம் பிறந்தால் ஒரு மெசேஜ், 'நல்லா இருக்கேன்' என்று. நானும் போடுவேன், 'நானும்' என்று. நான் மட்டும் இறங்கிப் போவேனா? உயிரைக் காப்பாற்றியவள் மன்னிப்பும் கேட்க வேண்டுமா?

என்னிடம் படித்த பையன் காளிராஜ், பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கேம் சென்டர் நடத்துகிறான். எட்டு போடுவதில் மூன்று தடவை ஃபெயில் ஆனவன், நாலாவது தடவை நான் போட்ட சத்தத்தில் பாஸ் ஆனான். அந்த விசுவாசம் அவனுக்கு. போன மாசம் ஓடி வந்தான். "மேடம், ஒங்க சுபா அக்கா ரேஸ் ஓட்டுறாங்க, யூடியூப்ல லைவா வருது" என்றான். பார்த்தேன். புனே ஆட்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு ரேஸ். திரையில் காரும் பெயரும்தான் தெரியும், முகம் தெரியாது. ஓட்டி முடித்துவிட்டு எல்லாரும் மைக்கில் பேசிக்கொள்கிறார்கள். எவனோ ஏதோ இந்தியில் சொன்னான். இவள் சிரித்தாள்.

பத்து மாசம் கழித்து அவள் சிரிப்பை ஒரு கேம் சென்டரில் நின்றுகொண்டு கேட்டேன் அண்ணாச்சி. பக்கத்தில் நாலு பையன்கள் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்திலும் கேட்டது.

"கமெண்ட்ல எழுதுங்க மேடம், அக்கா பாப்பாங்க" என்றான் காளிராஜ். கமெண்டா? ஓரமாக நின்று கைதட்டவா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் போதும். "உள்ள போறதுக்கு என்ன வழி?" என்று கேட்டேன். அவர்கள் சொல்கிற ரோட்டை இரண்டு நிமிஷம் பத்து செகண்டுக்குள் ஒரு சுற்று சுற்றி, ஓட்டினதை அப்படியே ரெக்கார்டு பண்ணி அனுப்ப வேண்டும். அதற்குமேல் ஒரு செகண்ட் ஆனாலும் சேர்க்க மாட்டார்கள், மெதுவாகப் போகிறவன் நடுவில் நின்றால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாம். எனக்கு வந்ததே கோபம்! இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் இடைஞ்சலா?

அவன் சென்டரிலேயே உட்கார்ந்து ஓட்டினேன். இரண்டு நிமிஷம் இருபது. மறுநாள் பதினெட்டு. ஒரு வாரத்தில் பதினாறு. அதற்குமேல் அசையவில்லை. பத்து நாள் அதே பதினாறு. எனக்குப் புரிந்துவிட்டது, மெஷின் சரியில்லை. அவன் மானிட்டர் பழசு, வளைவு வரும்போது படம் கலங்குகிறது. நல்ல கம்ப்யூட்டர், நல்ல மானிட்டர் இருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். காளிராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "மேடம், அது வந்து, ஒங்க காலு..." என்றான். "லிஸ்ட் எழுது" என்றேன். எழுதிக்கொடுத்தான். பழைய ஸ்டீரிங்கும் பெடலும் அவனிடமே வாங்கினேன், பாதி விலைக்கு.

லிஸ்ட்டையும் அந்தச் சாக்கையும் தூக்கிக்கொண்டு இன்றைக்குக் காலையில் மதுரை வந்தேன். டவுன்ஹால் ரோடு பக்கத்தில் ஒரு காம்ப்ளெக்ஸ், மாடியில் சிக்கந்தர் பாய் கடை. புதுசும் விற்கிறார், பழசும் விற்கிறார். நரைத்த தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் சாக்கைப் பிரித்து ஸ்டீரிங்கை அவர் மேஜையில் வைத்ததும் பயந்துவிட்டார். "என்னாக்கா இது? விக்க வந்தீங்களா?" என்றார்.

"வாங்க வந்திருக்கேன் பாய். ஓட்டிப் பாத்துதான் வாங்குவேன். மேசைய ஒதுக்குங்க."

"கம்ப்யூட்டர எவனும் ஓட்டிப் பாத்து வாங்க மாட்டானேக்கா?"

"அதனாலதான் உங்ககிட்ட ஏமாந்து போறான்."

சிரித்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் வியாபாரி. முதலில் எல்லாம் புதுசு என்று எழுபத்தோராயிரம் சொன்னார். எழுந்து வாசல் வரைக்கும் போனேன். எழுந்து போவதில் ஒரு கணக்கு இருக்கிறது அண்ணாச்சி. வேகமாகப் போகக் கூடாது, கூப்பிடுவதற்கு அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். கூப்பிட்டார். "பட்ஜெட் எவ்வளவுக்கா?" என்றார். "அத உங்ககிட்ட சொன்னா நான் எதுக்கு இங்க நிக்கணும்?" என்றேன்.

பழைய பெட்டி ஒன்றை எடுத்தார். ஆபீஸில் இருந்து கழித்தது, மூளை நல்ல மூளை, நினைவு பதினாறு ஜிபி, காளிராஜ் எழுதிய அளவுக்குச் சரி. அதில் படத்துக்கென்று தனியாக ஒரு கார்டு போட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். ரேஸுக்கு உயிரே அதுதானாம். புதுசு வாங்கினால் என் காசு அதிலேயே தீர்ந்துவிடும். பழசு ஒன்றைக் காட்டி, "வீட்டுல பசங்க வச்சு வெளையாண்டதுக்கா, அதிகமா ஓடல" என்றார். எனக்கா தெரியாது? டாக்ஸியில் ஓடிய வண்டியை டாக்டர் ஓட்டிய வண்டி என்று விற்கிறவர்களைப் பார்த்தவள் நான். கார்டைத் திருப்பி ஸ்க்ரூவைப் பார்த்தேன். நாலு ஸ்க்ரூவில் மூன்று தேய்ந்திருந்தது, எவனோ திரும்பத் திரும்பக் கழற்றியிருக்கிறான். முகர்ந்தேன். கருகின வாசனை. "பாய், இது ராத்திரி பகலா ஓடுன டாக்ஸி" என்றேன். உள்ளே போய் வேறு ஒன்று எடுத்து வந்தார். அதில் ஸ்க்ரூவின்மேல் பெயிண்ட் புள்ளிகூட அழியவில்லை. "இது என் மகனுக்குன்னு எடுத்து வச்சதுக்கா" என்றார். "ஒங்க மகனுக்கு அந்த டாக்ஸியக் கொடுங்க" என்றேன்.

அப்புறம் மானிட்டர். அதில்தான் இழுத்தார். பெரிசு ஒன்றைத் தூக்கி வந்து வைத்தார், முப்பத்திரண்டு இஞ்ச், வளைந்தது, சினிமாக் கொட்டகை மாதிரி. "ஒக்காந்தா கார்க்குள்ளயே ஒக்காந்த மாதிரி இருக்கும்க்கா, படமும் பாக்கலாம்." படம் பார்க்கிறவளா நான்? ஸ்டீரிங்கை மாட்டச் சொல்லி, காளிராஜ் பென்டிரைவில் போட்டுக்கொடுத்த விளையாட்டை ஏற்றச் சொல்லி, அதே ரோட்டை ஓட்டினேன். மூன்றாவது வளைவில் திரும்பினால் சுவர் இழுபடுகிறது, மழையில் வைப்பர் இல்லாமல் ஓட்டுவது மாதிரி. இரண்டு நிமிஷம் பதினாறு. "செகண்டுக்கு எத்தனை படம் காட்டுது?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அறுபது" என்றார். லிஸ்டில் நூற்று நாற்பத்து நாலு எழுதியிருந்தது. "அடுத்தது எடுங்க."

அடுத்தது இருபத்தேழு இஞ்ச். இரண்டு நிமிஷம் பதினாறு. மறுபடி ஓட்டினேன், பதினைந்தரை. "எடுங்க அடுத்தது."

இதோ, இந்தப் பெட்டிக்குள் இருக்கிறதே, இது மூன்றாவது. இருபத்து நாலு இஞ்ச். செகண்டுக்கு நூற்று நாற்பத்து நாலு படம். சுவர் சுவராக நின்றது. ரோட்டில் கிடக்கிற கல்கூடத் தெரிந்தது. திரைக்கும் என் முகத்துக்கும் இரண்டடி, அதுக்கு இந்த அளவு போதும், இதற்குமேல் வாங்குகிறவன் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்ட வாங்குகிறான். இதுதான் என்று மனசு சொன்னது. ஓட்டினேன்.

இரண்டு நிமிஷம் பதினைந்து.

"பாய், இதுவும் சரியில்ல" என்றேன்.

அந்த மனுஷன் அதுவரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தார். பக்கத்துக் கடைகளில் இருந்து நாலு பேர் வேறு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவர் குனிந்து திரையில் கீழ் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே இரண்டு கோடு ஏறி இறங்குகிறது. பச்சை ஆக்ஸிலேட்டர், சிவப்பு பிரேக்.

"யக்கா, நேர் ரோட்டுல எதுக்கு செவப்பு நிக்கிது?"

"உங்க மெஷின் கோளாறு."

"பெடல் நீங்க கொண்டாந்ததுக்கா."

"அப்ப உங்க மேசை கோளாறு."

"காலு பிரேக் மேலயே இருக்குக்கா. லேசா அமுக்கிக்கிட்டே ஓட்டுறீங்க."

"கால் அங்கதான் இருக்கும்! இருபத்திரண்டு வருஷமா அங்கதான் இருக்கு! அது அங்க இருந்ததாலதான் ஆயிரத்தி எண்ணூறு பேரு உசிரோட லைசென்ஸ் வாங்கியிருக்கான்!"

"சரிக்கா, சரிக்கா. இங்க லைசென்ஸ் எடுக்க எவனும் வரலையே. நீங்கதான ஓட்டுறீங்க?"

பாருங்க, அவரும் அதையே சொல்கிறார். எல்லாருக்கும் ஒரே பாட்டு. எழுந்தேன். ஸ்டீரிங்கைக் கழற்றிச் சாக்கில் போட்டேன். இந்தத் தடவை நிஜமாகவே போவதற்குத்தான் எழுந்தேன், வேகமாகத்தான் போனேன். படிக்கட்டு வரைக்கும் போய்விட்டேன்.

"யக்கா, ரெண்டாயிரம் கொறைக்கிறேன்" என்றார் பின்னாலிருந்து.

நின்றேன். நிற்காமல் இருக்க முடியுமா அண்ணாச்சி? அதுவரைக்கும் கம்ப்யூட்டர், கார்டு, இந்த மானிட்டர், வயர் எல்லாம் சேர்த்து நாற்பத்தாறாயிரத்தில் நின்றிருந்தார். ஐநூறுகூட இறங்கவில்லை. "எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு ரவுண்டு. இடது காலத் தூக்கி சேர்ல மடிச்சு வச்சுக்கங்க. வலது காலு ஒண்ணுலயே ஓட்டுங்க, வேணுங்கிறப்ப மட்டும் அதவே பிரேக்குக்கு மாத்துங்க. பத்துக்குள்ள வந்தா ரெண்டாயிரம் கொறச்சுக்கிறேன்."

"மூவாயிரம்."

"ரெண்டரை."

"பில்லுல எழுதுங்க மொதல்ல."

எழுதினார். உட்கார்ந்தேன். ஸ்டீரிங்கைத் திரும்ப மாட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்தேன், பந்தியில் உட்காருகிற மாதிரி. ஒரு கால் இல்லாதவள் போல இருந்தது. முதல் தடவை மூன்றாவது வளைவிலேயே வெளியே போய் மணலில் சொருகினேன். வேடிக்கை பார்த்தவன் ஒருவன் சிரித்தான். "ஒன் லைசென்ஸ எடு, பாப்போம்" என்றேன். அடங்கினான். இரண்டாம் தடவை இரண்டு நிமிஷம் பன்னிரண்டு.

மூன்றாம் தடவை. எப்படிச் சொல்வது? அந்த ரோட்டில் கடைசியாக ஒரு நேர் பாதை வரும், நீளமானது. அதில் இடது கால் தொடைக்கு அடியில் கிடந்து துடித்தது, சத்தியமாக. கீழே போக வேண்டும் என்று துடித்தது. அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். பச்சைக் கோடு முழுசாக ஏறி நின்றது. சிவப்பு இல்லை. பின்னாலிருந்து ஒருவன், "அமுக்கு ஆத்தா, அமுக்கு" என்றான். அமுக்கினேன். பக்கத்தில் யாருமே இல்லை அண்ணாச்சி. நான் மட்டும். இத்தனை வருஷத்தில் ஓட்டுகிற சீட்டில் நான் உட்கார்ந்தது, வண்டியை சர்வீஸுக்கு விடப் போகும்போது மட்டும்தான். அது இன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நிமிஷம் ஒன்பது செகண்ட், புள்ளி ஏழு.

சிக்கந்தர் பாய் கைதட்டினார். "பாத்தீங்களாக்கா? காலுதான்!" என்றார். கால் இல்லை, மானிட்டர். அவருக்கு என்ன தெரியும்? எந்த மெஷினும் சூடேறினால்தான் வேலை செய்யும். இந்த மானிட்டர் அதுவரைக்கும் சூடேறவில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் ரெண்டாயிரத்து ஐநூறு போய்விடும் இல்லையா? பில்லை மடித்து வைத்துக்கொண்டேன். மவுஸ் ஒன்று சும்மா கொடுத்தார். அதற்கும் ஒரு விரிப்பு கேட்டேன், கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து, "யக்கா, நீங்க யாரோட ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார். "என் மகளோட" என்றேன். "பாவம் அந்தப் புள்ள" என்றார்.

ஓட்டினதை அங்கிருந்தே அனுப்பியாச்சு. காளிராஜ் போனில் வழி சொன்னான். பெயர் என்ன போடட்டும் என்றான். 'செண்பகம் டிரைவிங் ஸ்கூல், கோவில்பட்டி' என்று போடு என்றேன். விளம்பரமும் ஆச்சு. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சேர்க்கிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். சேர்த்துத்தான் ஆக வேண்டும். புள்ளி ஏழு என்றாலும் பத்துக்குள்தான். சேர்க்கவில்லை என்றால் புனேக்கே போய்க் கேட்பேன்.

சுபா பார்ப்பாளா என்று கேட்கிறீங்களா? பார்த்தால் பார்க்கட்டும். பார்க்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் ஒரு கார் போகும், அப்போது பார்ப்பாள். நான் ஒன்றும் சமாதானத்துக்குப் போகவில்லை. முந்துவதற்குப் போகிறேன். நான்...

இருங்க, போன் அடிக்கிறது. இல்லை, மெசேஜ். அண்ணாச்சி, ஒரு உதவி. இந்த டிரைவர் ஓட்டுகிற ஓட்டில் பெட்டியை விட்டுக் கை எடுக்க முடியாது. என் பையில் ஓரத்தில் இருக்கிறது, எடுங்க. பூட்டெல்லாம் இல்லை. யார்? என்ன பெயர் வந்திருக்கிறது?

சுபாவா? நல்லா பாருங்க. சுபாதானா?

படிங்க. சத்தமாகப் படிங்க, என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன? 'அம்மா, லிஸ்ட்ல நம்ம ஸ்கூல் பேரு இருக்கு.' ஆங், அப்போ சேர்த்துவிட்டார்கள்! சேர்த்துவிட்டார்கள் அண்ணாச்சி! சரி, அடுத்தது. 'நீ ஓட்டுனதா போட்டிருக்கு. ரெக்கார்டு பாத்தேன். நேர் ரோட்டுல பிரேக்கே இல்ல. யாரு ஓட்டுனது, உண்மையச் சொல்லு.'

பாருங்க அவள் வாயை! யார் ஓட்டினதாம்! நீங்க எதுக்கு சிரிக்கிறீங்க? இன்னும் இருக்கிறதா? படிங்க. 'நீயா இருந்தா ஞாயித்துக்கெழமை எல் போர்டு மாட்டிட்டு வா. இடிச்சேன்னா அம்மான்னு பாக்க மாட்டேன். முடிச்சதும் மைக்க ஆன் பண்ணு.'

மைக்கை ஆன் பண்ணச் சொல்கிறாளா? அப்படித்தான் போட்டிருக்கிறதா? இன்னொரு தடவை படிங்க, அந்தக் கடைசி வரியை மட்டும்.

ம்.

இல்லை, ஒன்றும் இல்லை, ஜன்னல் காற்று. நீங்க டைப் பண்ணத் தெரிந்தவர்தானே? போடுங்க, நான் சொல்கிறேன். 'நான்தான் ஓட்டுனேன்.' போட்டாச்சா? 'ஞாயித்துக்கெழமை வா, பாத்துக்கலாம்.' சரி. 'மைக்கு வாங்கல, நாளைக்கு வாங்குறேன்.' ஆமாம், அதையும் போடுங்க. அப்புறம், 'மூணாவது வளைவு மோசம், அதுல மட்டும் நீ கொஞ்சம் மெதுவா...'

இருங்க. அதை எடுத்துவிடுங்க. அந்தக் கடைசி வரியை. முழுசாக எடுங்க, 'மூணாவது' என்பதில் இருந்து. எடுத்தாச்சா? காட்டுங்க, பார்க்கிறேன்.

சரி. இப்போது அனுப்புங்க.